தாம்பரத்துத் தலபுராணம்: அவசரம் அவதரித்த கதை

அவையடக்கம்

திருநீர்மலைக்குப் பெருமாள் கதை உண்டு. பரங்கிமலைக்குத் தோமையார் கதை உண்டு. இந்த இரண்டு மலைகளுக்கும் பக்கத்திலேயே, தினமும் லட்சக்கணக்கான கால்கள் ஓடித் தேய்க்கும் தாம்பரம் வட்டாரத்துக்கு மட்டும் தலபுராணம் கிடையாது. எழுத ஆளில்லாமல் இல்லை. எழுதினால் படிக்க யாருக்கும் நேரமில்லை.

இங்கே ஒருவரைப் பார்த்து "எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்கேன்" என்று பதில் வராது. "ஓடிட்டே இருக்கேன் சார், மூச்சு விட நேரமில்ல" என்று வரும். சொல்கிறவர் இருபது நிமிடமாகப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

பழைய புலவர்கள் அவையடக்கத்தில் தங்களைச் சிறியவன், கல்லாதவன் என்று தாழ்த்திக்கொள்வார்கள். நான் "இன்று எனக்கு ஒரு வேலையும் இல்லை" என்று சபையறியச் சொல்லிக்கொள்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கத்திலும் இதைவிடத் தாழ்மையான வாக்குமூலம் கிடையாது. இனிப் புராணம்.

கற்காண்டம்

1863 மே 30. கத்திரி வெயில் முடிந்த கையோடு, பல்லாவரத்து ராணுவ மைதானத்துச் சரளைக் குழி ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். பெயர் ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உத்தியோகம். கையில் அகப்பட்டது ஒரு கற்கோடரி. இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் பெருமையை ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டில் தேடுவார்கள். பல்லாவரத்துக்காரர்கள் கல்வெட்டெல்லாம் நேற்றைய சமாசாரம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்ல நேரம் கிடைத்தால்.

அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்கே பிற்காலத்தில் தோண்டி ஆராய்ந்தவர்கள் சில கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். இந்த வகைக் கோடரியின் விசேஷம் என்னவென்றால், பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் அதன் அடிப்படை வடிவம் பெரிதாக மாறவே இல்லை. அப்பன் கோடரி, பாட்டன் கோடரி, அவனுக்கும் ஐம்பதாயிரம் தலைமுறைக்கு முந்திய பூட்டன் கோடரி எல்லாம் ஒரே அச்சு. "உங்கள் கோடரி பழையதாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யவும்" என்று எந்தக் குகையிலும் மணியடிக்கவில்லை.

அவர்களுக்கும் அவசரம் இருந்திருக்கும். புலி துரத்தினால் ஓடித்தான் இருப்பார்கள். ஆனால் புலி போனதும் நின்றிருப்பார்கள். நாம் முதல் பாதியை மட்டும் பரம்பரைச் சொத்தாக வாங்கிக்கொண்டு, இரண்டாம் பாதியைப் பல்லாவரத்துச் சரளையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பல்லாவரத்துப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அவ்வளவு காலம் சும்மா கிடந்ததே என்று பொறுக்காமல் அதையும் வெடிவைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றி வேலைக்கு அனுப்பியவர்கள் நாம்.

சங்கிலிக் காண்டம்

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு சங்கிலியைத் தரையில் நீட்டினார். இந்தியாவை அளக்கப் போவதாகச் சொன்னார். சங்கிலியின் நீளம் 100 அடி. இந்தியாவின் நீளம் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

அந்தச் சங்கிலிக்கே ஒரு கிளைக்கதை உண்டு. 1793இல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி சீனச் சக்கரவர்த்திக்குக் கொண்டுபோன சீர்வரிசையில் அதுவும் இருந்தது. சக்கரவர்த்திக்குப் பிடிக்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட சீர் கல்கத்தா வந்து, கடைசியில் நம் பரங்கிமலைக்கு வந்து சேர்ந்தது. சீனா வேண்டாம் என்ற சரக்கு மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்த அந்தக் காலத்துச் சம்பவம் இது. அளப்பதற்கான தியோடலைட் கருவியின் கதை இதைவிட விசேஷம். அரை டன் எடையுள்ள அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். என்ன ஏதென்று பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவைத்தார்கள்.

முதல் வேலை, ஒரு அடிக்கோடு. பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல். 100 அடிச் சங்கிலியை நானூறு தடவை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்ட வேண்டும். வெயிலில் இரும்பு விரியும் என்பதற்காகச் சங்கிலிக்கு நிழல் கொடுத்து, வெப்பமானியை வைத்துக் கணக்கெழுதி, வாரக்கணக்கில் அளந்தார்கள். "டெட்லைன் என்ன?" என்று கேட்டு யாரும் லாம்ப்டன் கூடாரத்து வாசலில் நின்றதாகத் தகவல் இல்லை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். ஆறு வாரம். தானே தட்டிக் கொட்டி நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். இன்றைக்கு ஒரு சர்வர் ஆறு நிமிடம் படுத்தால் சிறுசேரியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை எத்தனை பேருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கோடு பெரும்பாக்கத்தில் நிற்கவில்லை. தலைமுறை தாண்டி வடக்கே இமயமலை வரை போனது. 1823இல் லாம்ப்டன் வேலையின் நடுவிலேயே காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் ஓய்வுபெற்றுப் போனார். அதற்கும் பிறகு, 1856இல், உலகின் மிக உயரமான சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 300 அடி உயரப் பரங்கிமலையில் தொடங்கி 29,002 அடிக்குப் போக 54 ஆண்டு. உருப்படியான காரியங்களின் வேகம் அவ்வளவுதான். இன்று அதே பரங்கிமலை முதல் பெரும்பாக்கம் வரையிலான தூரத்தைக் கைபேசி கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேடவாக்கம் கூட்டுரோட்டில் நிற்கும்போது, லாம்ப்டனின் சங்கிலி ஆட்கள் நம்மை முந்திக்கொண்டு போவதாகவே பிரமை தட்டும்.

கடிகாரக் காண்டம்

ஒரு காலத்தில் மெட்ராஸுக்கென்று சொந்தமாக ஒரு நேரம் இருந்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானியல் ஆய்வுக்கூடம் நட்சத்திரங்களைப் பார்த்து அதைக் கணித்தது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய அந்த நேரத்தைத்தான் ரயில் கம்பெனிகள் இந்தியா முழுக்க வைத்துக்கொண்டு வண்டி ஓட்டின. லாகூரில் ரயில் ஏறுகிறவர்கூட நுங்கம்பாக்கத்து மணியைப் பார்த்துத்தான் மூட்டை கட்ட வேண்டும். மெட்ராஸ்காரர்கள் இதைப் பற்றிப் பீற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் பாட்டுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

1906 ஜனவரி 1. மிர்சாபூர் பக்கம் போகும் தீர்க்கரேகையை வைத்து இந்தியாவுக்கே ஒரு பொதுநேரம் என்று முடிவானது. கல்கத்தாக்காரர்கள் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாய்க்காரர்கள் 1950கள் வரை முரண்டு பிடித்தார்கள். மெட்ராஸ்? "சரிங்க" என்று முள்ளை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. ரசீது இல்லை, நஷ்டஈடு இல்லை. அன்று தொடங்கியதுதான் நம் ஓட்டம் என்பது இந்தப் புராணத்தின் துணிபு. சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் 8.15 லோக்கலை ஒன்பது நிமிடத்தில் கோட்டைவிட்டவர்கள் அல்ல.

நம் பெரியவர்கள் இதற்கு முன்பே ஒரு காப்புக் கட்டி வைத்திருந்தார்கள். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பாருங்கள். ராகுகாலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. நாளைக்கு மூன்று, வாரத்துக்கு 21 மணி நேரம் புதிதாக எந்த வேலையும் தொடங்கக்கூடாது. இதைவிடத் தாராளமான தொழிலாளர் நலச் சட்டத்தை எந்த அரசும் கொண்டுவந்ததில்லை. கிரகத்தின் பேரில் போட்டுவிட்டதால் எந்த முதலாளியாலும் எதிர்த்து வாதாட முடியவில்லை. திங்கட்கிழமை ராகுகாலம் காலை 7.30 முதல் 9 வரை. சொல்லி வைத்ததுபோல, தாம்பரத்திலிருந்து ஊரே அலுவலகத்துக்குக் கிளம்புகிற நேரம். முன்னோர் கைநீட்டித் தடுக்கிறார்கள், நாம் அவர்கள் காலை மிதித்துக்கொண்டு ஏறுகிறோம். குளிகை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதில் தொடங்கிய காரியம் திரும்பத் திரும்ப நடக்குமாம். அலுவலக மீட்டிங்கைக் கண்டுபிடித்தவர் முதல் மீட்டிங்கைக் குளிகையில்தான் வைத்திருக்க வேண்டும்.

மின்வண்டிக் காண்டம்

வேகம் இந்தப் பக்கம் முதலில் வந்தது தோலின் வழியாக. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிட வாரக்கணக்கில் ஆகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்குத் தெற்கே குரோம் லெதர் கம்பெனியை நடத்தினார். குரோம் உப்பில் போட்டால் வாரங்களின் வேலை நாட்களில் முடிந்தது. தொழிற்சாலையின் பேர் ஊருக்கே ஒட்டிக்கொண்டு குரோம்பேட்டை ஆனது. மாட்டுத்தோலை அவசரப்படுத்தியாயிற்று. அடுத்தது மனுஷத்தோல்.

1931 ஏப்ரல் 2இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் பாதையை கவர்னர் ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். 29 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். கரி இல்லை, புகை இல்லை, பொத்தானை அழுத்தினால் கிளம்புகிற வண்டி. மெட்ராஸ் மூக்கில் விரல் வைத்தது.

நியாயமாக என்ன நடந்திருக்க வேண்டும்? பாரிமுனையில் வேலை பார்த்த குமாஸ்தா முன்பைவிடச் சீக்கிரம் வீடு திரும்பி, திண்ணையில் கால் நீட்டி, மிச்சமான நேரத்தில் வெற்றிலை போட்டிருக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லை. வீட்டையே தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார். மாம்பலத்தில் மனை, அப்புறம் பரங்கிமலை, அப்புறம் குரோம்பேட்டை, அப்புறம் தாம்பரம். வண்டி மிச்சப்படுத்திய நிமிடங்கள் எல்லாம் கிரவுண்டு கிரவுண்டாக மாறிப் பத்திரப்பதிவு ஆயின. இத்தாலியைச் சேர்ந்த இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994இல் இதற்கு ஒரு கணக்கே எழுதினார். நடந்து போன காலத்திலும் சரி, கார் காலத்திலும் சரி, மனிதர்கள் நாளொன்றுக்குப் பயணத்தில் செலவிடுவது சுமார் ஒரு மணி நேரம்தானாம். வாகனம் வேகமானால் நேரம் மிச்சமாவதில்லை, ஊர்தான் நீளமாகிறது. மார்கெட்டி கூடுவாஞ்சேரிப் பக்கம் வந்திருந்தால் ஒரு மணியோடு நிறுத்தியிருக்க மாட்டார். "ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்" என்று மனை விற்கிறவர்களின் நிமிடம் எந்த வானியல் ஆய்வுக்கூடத்தில் கணித்தது என்றும் விசாரித்திருப்பார்.

ஆனாலும் அந்த மின்வண்டிக்கு ஒரு புண்ணியம் சேரும். ஏறி உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரம் யாரும் எதுவும் செய்ய முடியாது. மேலதிகாரி கூப்பிட வழியில்லை, வீட்டிலிருந்து "வரும்போது தக்காளி" என்று ஆள் வர வழியில்லை. சீசன் டிக்கெட்காரர்கள் மடியில் துண்டு விரித்து ரம்மி ஆடினார்கள். மகளிர் பெட்டியில் பூக் கட்டினார்கள், அவரைக்காய் நறுக்கினார்கள், மாமியார்களையும் நறுக்கினார்கள். சுண்டல் வந்தது, சமோசா வந்தது, கண் தெரியாத பாடகர் தோளில் ஒலிபெருக்கியோடு வந்தார். இந்த வட்டாரத்து மனிதனுக்குச் சட்டபூர்வமாகக் கிடைத்த ஒரே ஓய்வு, வேகத்தின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது.

2004 ஜூலை 1ஆம் தேதியோடு மீட்டர் கேஜ் மின்வண்டி விடைபெற்றது. அகலப்பாதை வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. சில ஆண்டுகளில் இன்னொன்று வந்தது. ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஓர் ஆபீஸ். இப்போது சைதாப்பேட்டை தாண்டும்போது ஒருவர் எக்செல் திறக்கிறார், கிண்டியில் ஒருவர் "எஸ் சார், எஸ் சார்" என்று ஜன்னல் கம்பிக்குச் சலாம் போடுகிறார், மீனம்பாக்கத்தில் விமானம் தலைக்கு மேல் இறங்குவதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ரம்மி நின்றுபோனது என்று சொல்ல முடியாது. அதையும் தனித்தனியாகத் திரையில் ஆடிப் பணம் தொலைக்கிறார்கள்.

ஓய்வுக் காண்டம்

இந்தப் புராணத்தின் கதாநாயகர் இனிமேல்தான் வருகிறார். டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் நடத்தியவர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். வைத்தியம் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை. அங்கே 1917இல் வந்து படுத்த நோயாளிகளில் ஒருவர், மெட்ராஸ் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கெழுதிவிட்டு கேம்பிரிட்ஜுக்குப் போன சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜனின் படுக்கையைப் பற்றி உலகமே அறிந்த கதை ஒன்று உண்டு. அது பட்னி என்ற இடத்தில் நடந்தது. பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தான் ஏறிவந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார் படுத்திருந்தவர். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும், ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். இந்தக் கதையை மேதைமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். புராணம் வேறு மாதிரி வாசிக்கிறது. டாக்சியில் வந்தவருக்கு அது வெறும் வண்டி நம்பர். படுத்திருந்தவருக்குத்தான் எண் எண்ணாகத் தெரிந்தது.

சௌரிமுத்து நாடு திரும்பி, 1928 ஏப்ரலில் தாம்பரத்தில் காடும் காற்றுமாக இருந்த இடம் பார்த்து, 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். மின்ரயில் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பு. அதாவது, தாம்பரம் முதலில் பேர் வாங்கியது ஓடுவதற்காக அல்ல, படுப்பதற்காக. 1937இல் அரசு அதை வாங்கிக்கொண்டது. அதே 1937இல் கிறிஸ்தவக் கல்லூரியும் பாரிமுனைச் சந்தடி தாங்காமல் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு ஜாகை மாற்றியது. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அங்கே பாடம் நடத்தியதோடு நிற்காமல் மரங்களாக நட்டு வளர்த்தார். மரம் நடுகிறவருக்கும் அவசரத்துக்கும் ஏழாம் பொருத்தம். நுரையீரலுக்கு ஒரு காடு, மூளைக்கு ஒரு காடு என்று எதிரும் புதிருமாக இரண்டு நிதானங்கள் குடியேறிய ஊர் தாம்பரம். நடுவில் ரயில் ஓடியது.

பிறகு மெட்ராஸ் தன் கையாலேயே ஓய்வின் கதையை முடித்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டு, மருந்து கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதே மருந்து, ஆனால் அவர்கள் இடுக்கு வீட்டிலேயே இருந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகமாக வேலை பார்த்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பகுதிக்கும் ஏறத்தாழ ஒரே பலன். 1959இல் முடிவு வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. மருந்து இருந்தால் போதும், படுக்கை வேண்டாம். ஏழை நாடுகளின் லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு வீட்டிலேயே வைத்தியம் கிடைக்க வழி திறந்த மகத்தான ஆராய்ச்சி அது. கேலி செய்தால் நாக்கு அழுகும்.

கேலி ஆராய்ச்சியின் மேல் அல்ல, நம் மேல். காசநோய்க்குப் படுக்கை ஓய்வு தேவையில்லை என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். "காசநோய்க்கு" என்ற பகுதி நம் காதில் விழவே இல்லை. 1984இல் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஏற்றுமதி வளாகம் வந்தது. 'மெப்ஸ்' என்றால் வட்டாரமே அறியும். ஒருபுறம் படுத்திருக்கச் சொன்ன ஆஸ்பத்திரி, மறுபுறம் ஷிஃப்டு மணி. "சானடோரியம் இறங்குறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு தினமும் ஆயிரக்கணக்கானோர் முட்டி மோதி இறங்குகிறார்கள். ஒருவர்கூட ஓய்வெடுக்க இறங்குவதில்லை.

விலங்குக் காண்டம்

1985இல் வண்டலூரில் உயிரியல் பூங்கா திறந்தது. நகரின் நடுவே நெருக்கடியில் கிடந்த புலி, சிங்கம், கரடி எல்லாம் குடும்பத்தோடு புறநகருக்குக் குடிபெயர்ந்தன. தாம்பரம் தாண்டி வீடு மாற்றியும், வேலைக்கென்று தினமும் பழைய இடத்துக்கே திரும்பிப் போகாத ஒரே ஜீவராசிகள் அவைதான். செவ்வாய்க்கிழமை வார விடுமுறையும் உண்டு.

கூண்டுக்கு வெளியே நிலைமை வேறு. தீபாவளிக்கு முந்தின ராத்திரி பெருங்களத்தூரைப் பார்க்காதவர் ஜென்மம் எடுத்துப் பயனில்லை. சொந்த ஊருக்கு அவசரமாகப் போக வேண்டிய அத்தனை பேரும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் திருக்காட்சி அது. இதற்கு விடிவாக 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் பேருந்து முனையம் திறந்தார்கள். பிரம்மாண்டமான முனையம். ஒரே ஒரு குறை, திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. தண்டவாளம் இருந்தது, ரயிலும் போனது, நிற்கத்தான் இடமில்லை. இந்த வட்டாரத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எந்தப் புலவனாலும் பாட முடியாது.

மணிக்காண்டம்

தாம்பரத்துக்கு மின்ரயில் வருவதற்கு முந்தின ஆண்டு, 1930இல், பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் ஒரு கட்டுரையில் ஆரூடம் சொன்னார். நூறு ஆண்டில் இயந்திரங்கள் அவ்வளவு முன்னேறிவிடும், வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை பார்த்தால் போதும், மிச்ச நேரத்தை என்ன செய்வது என்பதுதான் பேரர்களின் கவலையாக இருக்கும் என்றார். கெடு 2030இல் முடிகிறது.

பேரர்களின் நிலவரம் இது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் ஏலத்தை 90க்கு உயர்த்தினார். வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். அவருடைய கம்பெனியின் கட்டுமானப் பிரிவுக்குத் தலைமையகம் நம் மணப்பாக்கத்தில்தான். அங்கே வேலை பார்த்துவிட்டு ஊரப்பாக்கத்துக்கு வீடு திரும்புகிறவர் மனைவியைப் பார்ப்பதா, முன்னால் நிற்கிற தண்ணீர் லாரியின் பின்பக்கத்தைப் பார்ப்பதா? ஞாயிறை விட்டுவிட்டால் 90 மணி என்பது நாளைக்குப் பதினைந்து. ஆக, கெயின்ஸ் சொன்ன 15 அப்படியே பலித்துவிட்டது. "வாரத்துக்கு" என்று இருந்ததை "நாளைக்கு" என்று திருத்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

இதில் சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. 1923 மே 1இல் மெட்ராஸ் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பது வரமாகக் கிடைத்ததல்ல, கேட்டுச் சண்டை போட்டு வாங்கியது. கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21இல், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது. மே 1இல் அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மெஷின் முன்னால் நிற்கிற பெண்ணுக்கு நேரம் என்பது இப்படி அங்குலம் அங்குலமாகப் பிடுங்கி வாங்கிய சொத்து. அவர் "நேரமில்லை" என்று சொன்னால் அது நிஜம், அவர் நேரம் அவர் கையில் இல்லை.

நேரம் கையில் இருக்கிற நாம்தான் பிரச்சினை. "ரொம்ப பிஸி" என்பதை நாம் புகாராகச் சொல்வதில்லை, பதக்கமாகக் குத்திக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே கைபேசியை எடுத்து "கால்ல இருக்கேன்" என்று சைகை காட்டுகிறவருக்கு மரியாதை. "சும்மாதான் இருக்கேன்" என்கிறவர் வெட்டி ஆபீசர். சும்மா இருப்பவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். 90 மணி உழைப்பவனுக்குக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையை யாரும் பார்த்ததே இல்லையே என்று அலைவார்கள். நாளெல்லாம் செய்ததைக் கணக்கெடுத்தால் பாதி நேரம் காத்திருந்திருப்போம், கால் பாகம் அடுத்தவரைக் காக்கவைத்திருப்போம். லாம்ப்டனின் ஆட்கள் ஒரு நாளில் நீட்டிய சங்கிலி அளவுக்காவது தேறுமா என்பது சந்தேகம்.

நூற்பயன்

புராணம் கேட்டவருக்குப் பலன் சொல்லாமல் விடுவது மரபல்ல.

இந்தப் புராணத்தைக் கேட்டவர் வேலையை விட்டுவிட்டுக் கொல்லிமலைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக் கடன் மலை ஏறியும் வரும். நிதானத்தைக் கற்றுத்தரும் வார இறுதி வகுப்பில் பணம் கட்டிச் சேரவும் வேண்டாம். அதற்கும் காலை ஆறு மணிக்கு ஈ.சி.ஆருக்கு ஓட வேண்டியிருக்கும். நமக்குச் சேர வேண்டிய பழைய பாக்கியைக் கேட்டு வாங்கினால் போதும்.

1906இல் போன ஒன்பது நிமிடம் இன்னும் நம் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. ஆளுக்கு தினமும் ஒன்பது நிமிடம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 55 மணி நேரம். அரசிடம் மனு கொடுத்தால் கோப்பு நகர்வதற்குள் இன்னொரு தீர்க்கரேகை மாறிவிடும். அவரவரே எடுத்துக்கொள்வதுதான் உத்தமம். எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். சானடோரியம் நிலையத்து பெஞ்ச் இதற்கு விசேஷ ஸ்தலம். அந்த ஒன்பது நிமிடத்துக்குப் பயன் எதுவும் இருக்கக்கூடாது. உடம்பு தேறும், மூளை கூர்மையாகும், ஆபீசில் உற்பத்தி பெருகும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். லாபத்துக்காக எடுக்கிற ஓய்வு இன்னொரு ஷிஃப்டுதான்.

நடுவில் கைபேசி அடிக்கும். எடுக்க வேண்டாம் என்று சொன்னால் நடக்காது என்று தெரியும், எடுங்கள். "எங்க இருக்கீங்க, என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை. "மெட்ராஸ் டைம்ல இருக்கேன் சார், உங்க டைமுக்கு ஒன்பது நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.